ஒரே ஏணி, இரண்டு அரசுகள்: ஆரணிப் பட்டு நெசவை முன்வைத்து இந்திய நீதிமன்ற அமைப்பு

ஆய்வுச் சுருக்கம்

இந்தியா கூட்டாட்சி அமைப்பைக் கொண்ட நாடு. ஆயினும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உள்ளதுபோல, ஒன்றியச் சட்டங்களுக்கென ஒரு நீதிமன்ற வரிசையும் மாநிலச் சட்டங்களுக்கென மற்றொரு வரிசையும் இங்கு அமையவில்லை. முன்சீப் நீதிமன்றம் முதல் உச்ச நீதிமன்றம் வரை ஒரே ஏணியே உள்ளது. இவ்வேணியில் ஒன்றியமும் மாநிலமும் சந்திக்கும் இடங்கள் எவை என்பதை, திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நெசவு நகரமான ஆரணியில் எழக்கூடிய வழக்கு வகைகளைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. அந்தச் சந்திப்பு நீதிமன்றக் கட்டடங்களில் தென்படுவதில்லை. சட்டம் இயற்றும் அதிகாரம், செலவு, மொழி ஆகிய மூன்றிலும் தென்படுகிறது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆரணிப் பட்டு, ஒருங்கிணைந்த நீதித்துறை, கூட்டாட்சி, அரசமைப்பு உறுப்பு 247, காசோலை வழக்கு, கூட்டுறவுச் சங்கம், நீதிமன்ற மொழி

முன்னுரை

ஆரணியிலும் தேவிகாபுரம் உள்ளிட்ட சுற்றூர்களிலும் பட்டுச் சேலை நெசவு இரண்டு முறைகளில் நடைபெறுகிறது. ஒன்று, பட்டு வணிகர் பாவும் ஊடைக்குரிய பட்டும் ஜரிகையும் கொடுத்து, நெய்த சேலைக்குக் கூலி தரும் முறை. மற்றொன்று, கூட்டுறவுச் சங்கம் அதே பணியைத் தன் உறுப்பினர்களிடம் ஒப்படைக்கும் முறை. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. நெய்த சேலை சென்னைக்கும் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் செல்கிறது. ஒரு சேலையில் மூன்று நான்கு மாநிலங்களின் பணம் பின்னப்பட்டுள்ளது எனலாம்.

இத்தொழிலில் சிக்கல் எழும்போது எந்த நீதிமன்றத்தை நாடுவது? சேலை வாங்கிய வெளிமாநில வணிகரின் காசோலை திரும்பிவிட்டது. விசைத்தறியில் நெய்த துணி 'ஆரணிப் பட்டு' என்னும் பெயரில் விற்கப்படுகிறது. கூட்டுறவுச் சங்கம் ஓர் உறுப்பினரின் கணக்கை மறுக்கிறது. இம்மூன்றில் முதலிரண்டும் நாடாளுமன்றச் சட்டங்களுக்கு உட்பட்டவை. மூன்றாவது மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்துக்கு உட்பட்டது. எனினும் மூன்று வழக்குகளும் இறுதியில் ஏறுவது ஒரே ஏணியில்தான். ஆட்சியியல் பாடநூல்கள் இதனை 'ஒருங்கிணைந்த நீதித்துறை' என்று ஒரு வரியில் கூறிக் கடந்துவிடுகின்றன. அவ்வொரு வரிக்குள் அடங்காதவை பல.

ஏணியின் படிகள்

ஆரணியில் மாவட்ட முன்சீப் நீதிமன்றம், சார்பு நீதிமன்றம், குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ஆகியன இயங்குகின்றன. இவற்றுக்கு மேல் திருவண்ணாமலையில் முதன்மை மாவட்ட நீதிமன்றம் உள்ளது. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் பிரிக்கப்படும்வரை இப்பகுதிக்கு மாவட்டத் தலைமையிடம் வேலூராக இருந்தது. திருவண்ணாமலைக்கு மேல், 1862இல் தோன்றிய சென்னை உயர் நீதிமன்றம். மதுரைக் கிளை 2004இல் தொடங்கப்பட்ட பின்னரும் திருவண்ணாமலை மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின்கீழேயே உள்ளது. அதற்கும் மேல் புதுதில்லியில் உச்ச நீதிமன்றம்.

உரிமையியல் வழக்கின் மதிப்பைப் பொறுத்து அது முன்சீப் நீதிமன்றத்திலோ சார்பு நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ தொடங்கும். வழக்கு எந்த அரசின் சட்டத்தால் எழுந்தது என்பது அங்குக் கேட்கப்படும் கேள்வியன்று. முதல் மேல்முறையீட்டில் சான்றுகள் மீண்டும் ஆராயப்படலாம். உயர் நீதிமன்றத்துக்குச் செல்லும் இரண்டாம் மேல்முறையீட்டில் முக்கியமான சட்ட வினா ஒன்று இருந்தாக வேண்டும். அதன்பின் அரசமைப்பின் 136ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியைக் கோரலாம். அதனை உரிமையாகக் கேட்க இயலாது.

கூட்டாட்சிக்குரிய தனி நீதிமன்றம் என்னும் எண்ணம் இந்திய மண்ணுக்குப் புதியதன்று. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1937 அக்டோபர் 1 முதல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று இயங்கியது. மாகாணங்களுக்கும் மைய அரசுக்கும் இடையிலான வழக்குகளையும், அச்சட்டத்தின் பொருள்கோள் குறித்த மேல்முறையீடுகளையும் அது விசாரித்தது. ஆனால் அதற்குக் கீழே மாவட்டந்தோறும் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இருந்ததில்லை. 1950 ஜனவரியில் அதன் இடத்தை உச்ச நீதிமன்றம் பெற்றது. அரசமைப்பு வரைவினை 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு நிர்ணய சபையில் முன்வைத்த அம்பேத்கர், இந்தியக் கூட்டாட்சி இரட்டை ஆட்சியமைப்பே எனினும் அதில் இரட்டை நீதித்துறை இல்லை என்பதை அதன் தனித்தன்மைகளுள் ஒன்றாகச் சுட்டினார். இன்று ஒன்றியமும் மாநிலமும் நேருக்குநேர் மோதும் வழக்குகளும், மாநிலங்கள் தமக்குள் மோதும் வழக்குகளும் 131ஆம் உறுப்பின்படி நேரடியாக உச்ச நீதிமன்றத்துக்கே செல்கின்றன. 2014 மே 7 அன்று தீர்ப்பளிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு வழக்கு அவ்வகையினது.

ஆயினும் அரசமைப்பு ஒரு கதவைத் திறந்தே வைத்துள்ளது. ஒன்றியப் பட்டியலில் அடங்கிய பொருள்கள் குறித்த சட்டங்களைச் சிறப்பாக நடைமுறைப்படுத்தக் கூடுதல் நீதிமன்றங்களை நாடாளுமன்றம் நிறுவலாம் என 247ஆம் உறுப்பு கூறுகிறது. அமெரிக்க வகைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இதுவே. காசோலை வழக்குகளைப் பேசும்போது இவ்வுறுப்பு மீண்டும் வரும்.

மற்றொரு மாற்றமும் குறிப்பிடத்தக்கது. உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலாக ஏனைய நீதிமன்றங்களை அமைப்பது தொடக்கத்தில் மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் அதனைப் பொதுப் பட்டியலின் 11அ பதிவுக்கு மாற்றியது. 2015ஆம் ஆண்டு வணிக நீதிமன்றங்கள் சட்டம் போன்றவற்றை நாடாளுமன்றம் இயற்றவும், அவற்றுக்குரிய நீதிமன்றங்களை மாநிலங்கள் தத்தம் மாவட்டங்களில் அமைக்கவும் இம்மாற்றம் வழிவகுத்தது. கல்வி பொதுப் பட்டியலுக்கு மாறியது குறித்துத் தமிழில் எழுதப்பட்ட அளவுக்கு, அதே திருத்தத்தால் நீதி நிருவாகம் மாறியது குறித்து எழுதப்படவில்லை.

பேட்டர்சன் நகரத்தில் என்றால்

இவ்வமைப்பின் தன்மை ஒப்பீட்டில் தெளிவாகும். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள பேட்டர்சன், 'பட்டு நகரம்' என்றே அழைக்கப்பட்ட ஊர். அங்கு 1924இல் நடந்த பட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, குடியுரிமைப் போராளி ரோஜர் பால்ட்வின் உள்ளிட்டோர் சட்டவிரோதமாகக் கூடியதாகத் தண்டிக்கப்பட்டனர். 1928இல் அத்தண்டனையை நீக்கியது நியூ ஜெர்சியின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமேயன்றிக் கூட்டாட்சி நீதிமன்றமன்று. கூடும் உரிமை போன்ற ஓர் அடிப்படை வினா, மாநில நீதிமன்ற வரிசைக்குள் தொடங்கி அதற்குள்ளேயே முடிந்தது.

அங்கே கூட்டாட்சி வரிசையில் 94 மாவட்ட நீதிமன்றங்களும் 13 மேல்முறையீட்டு நீதிமன்றங்களும் உச்ச நீதிமன்றமும் உள்ளன. ஐம்பது மாநிலங்களும் தத்தமக்கு வேறு வரிசைகளை வைத்துள்ளன. பேட்டர்சன் வணிகர் ஒருவர் நியூயார்க் வணிகர்மீது பணவழக்குத் தொடுக்க விரும்பினால், தொகை 75,000 டாலரைத் தாண்டும்போது, இருவரும் வெவ்வேறு மாநிலத்தவர் என்னும் காரணத்தால் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடலாம். தாண்டாவிட்டால் மாநில நீதிமன்றமே வழி. வெளிமாநிலத்தவருக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் ஓரவஞ்சனை நேரலாம் என்னும் ஐயமே இப்பிரிவின் வேர். மாநிலச் சட்டத்தின் பொருளை அறுதியிட்டுக் கூறும் அதிகாரமும் அந்தந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கே உண்டு. 1938ஆம் ஆண்டு ஈரி இரயில்பாதை வழக்கிற்குப் பின்னர்க் கூட்டாட்சி நீதிமன்றங்கள் அதனைப் பின்பற்றியாக வேண்டும்.

ஆரணி வணிகருக்கு இவ்விரண்டும் பொருந்தா. ஐதராபாத் வணிகர்மீது வழக்குத் தொடுக்க அவர் வேறு வகை நீதிமன்றத்தைத் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் மாற்றி உரைக்கவும் தடையில்லை. ஆரணியில் பெற்ற உரிமையியல் தீர்ப்பாணை, 261ஆம் உறுப்பின்படி நாட்டின் எப்பகுதியிலும் நிறைவேற்றத்தக்கது. இது பெரிய வசதி. ஆனால் இந்த வசதி எத்தகைய வலுவின்மையையும் தன்னுள் கொண்டுள்ளது என்பதற்குக் காசோலை வழக்குகளின் வரலாறு சான்றாகும்.

திரும்பிய காசோலை

மாற்றுமுறை ஆவணங்கள் சட்டம் 1881ஆம் ஆண்டினது. இப்பொருள் ஒன்றியப் பட்டியலில் உள்ளது. கணக்கில் போதிய பணமின்றிக் காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்டு, 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. காசோலை திரும்பிய செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்துமூல அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பைப் பெற்றவருக்குப் பணம் செலுத்த 15 நாட்கள் உண்டு. அதற்குள் செலுத்தாவிடில், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் முறையீடு அளிக்கலாம். தண்டனை ஈராண்டுவரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இருமடங்குவரை அபராதம், அல்லது இரண்டும்.

சட்டம் ஒன்றியத்தினது; விசாரிப்பவர் மாநில நீதிப் பணியைச் சேர்ந்த நடுவர்; அவரைக் கண்காணிப்பது உயர் நீதிமன்றம். இதுவரை சிக்கலில்லை. எந்த ஊர் நடுவர் என்பதே கேள்வி.

பட்டு வணிகத்தில் கடனுக்குச் சரக்கு கொடுத்து, பின்தேதியிட்ட காசோலை பெறுவது இயல்பான வழக்கம். ஆரணியிலிருந்து ஐதராபாத்துக்குச் சேலைகள் சென்றன. அவ்வூர் வங்கிக் கிளையின்மீது எழுதிய காசோலை ஆரணிக்கு வந்தது. ஆரணி வங்கியில் செலுத்தப்பட்டது. திரும்பியது எனக் கொள்வோம். 2014 ஆகஸ்ட் 1 வரை, இந்நிகழ்வுகளுள் ஏதேனும் ஒன்று நிகழ்ந்த இடத்தில் முறையீடு அளிக்கலாம் என்னும் நிலை இருந்தது. ஆகவே ஆரணியே போதுமானதாக இருந்தது. அன்று தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, காசோலை எந்த வங்கிக் கிளையின்மீது எழுதப்பட்டதோ அக்கிளை உள்ள இடத்து நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு எனத் தீர்ப்பளித்தது. முறையீட்டாளர் தமக்கு வசதியான ஊர்களில் வழக்குத் தொடுத்து எதிர்த்தரப்பை அலைக்கழிப்பதைத் தடுப்பதே நீதிமன்றத்தின் நோக்கம். அந்நோக்கம் பெருநிறுவனங்களைப் பொறுத்தவரை நியாயமானதே. ஆனால் சிறு நகரத்து விற்பனையாளருக்கு அதன் விளைவு வேறாக இருந்தது. சான்றுப் பதிவு தொடங்காத வழக்குகளில் முறையீடுகள் திருப்பியளிக்கப்பட்டு, உரிய ஊரில் மீண்டும் அளிக்க வேண்டியவையாயின. சேலையை நெய்து கூலியும் கொடுத்து முடித்தவர், தம் பணத்துக்காக ஐதராபாத்துக்குச் சென்று, அவ்வூர் வழக்கறிஞரை அமர்த்தி, அவ்வூர் மொழியில் நடக்கும் விசாரணையைப் பின்தொடர வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க் காசோலைக்கு இது கட்டுப்படியாகாது.

இதனை மாற்றியது நாடாளுமன்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்ட அவ்வாண்டு ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. இதன்படி, கணக்கின் வழியாக வசூலுக்குச் செலுத்தப்பட்ட காசோலைக்கு, பணம் பெற வேண்டியவரின் கணக்கு உள்ள வங்கிக் கிளை எங்குள்ளதோ அவ்விடத்து நீதிமன்றமே விசாரிக்கும். வழக்கு ஆரணிக்குத் திரும்பியது. அதே விதியின்படி, ஜரிகை வாங்கிய ஆரணி வணிகரின் காசோலை திரும்பினால் சூரத் வணிகர் சூரத்திலேயே முறையிடலாம் என்பதையும் மறுபக்கமாகக் கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஆரணி வணிகர் எந்த ஊரில் நீதி கேட்பது என்பதை ஓராண்டுக்குள் இருமுறை மாற்றியவை உச்ச நீதிமன்றமும் நாடாளுமன்றமும். நடுவர் நீதிமன்றங்களை நடத்தும் மாநில அரசுக்கு அவ்விரு முடிவுகளிலும் இடமில்லை. நீதிமன்றங்கள் ஒரே ஏணியாக இருப்பதாலேயே, ஏணியின் உச்சியில் எடுக்கும் முடிவு ஒரே நாளில் எல்லா ஊர்களிலும் இறங்குகிறது.

சட்டம் ஒருவரது, செலவு மற்றொருவரது

வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் இதன் பாரம் விளங்கும். 2019 டிசம்பர் 31 நிலவரப்படி நாட்டில் நிலுவையிலிருந்த 2.31 கோடிக் குற்றவியல் வழக்குகளில் 35.16 லட்சம் காசோலை வழக்குகள் என உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் பதிவு செய்தது. ஒரே ஒரு ஒன்றியச் சட்டத்தின் ஒரே ஒரு பிரிவு, ஏழில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குற்றவியல் நிலுவையை உண்டாக்கியுள்ளது.

இவ்வழக்குகளை விசாரிக்கும் நடுவரின் ஊதியமும் எழுத்தரின் ஊதியமும் கட்டடச் செலவும் பெரும்பாலும் மாநில அரசின் பொறுப்பு. உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அவர்களின் ஊதியம் மாநிலத் தொகுநிதியிலிருந்து வழங்கப்படுகிறது. ஓய்வூதியமோ இந்தியத் தொகுநிதியைச் சேர்ந்தது. அரசமைப்பின் கூட்டாட்சித் தன்மையை விளக்கத் தேடினாலும் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. நீதிமன்றக் கட்டணத்தை விதிக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றம் நீங்கலாக மாநிலத்துக்கு உண்டு. ஆனால் பணவழக்குகளுக்கான கட்டணத்தைத் தமிழ்நாடு 2017இல் நூற்றுக்கு 7.5 ரூபாயிலிருந்து 3 ரூபாயாகக் குறைத்தது. நீதி கேட்போரிடம் செலவை வசூலிக்கக் கூடாது என்பது ஏற்கத்தக்க கொள்கையே. அதன் விலையைக் கொடுப்பது மாநிலக் கருவூலம்.

நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை இயற்றும்போதே அதனால் நீதிமன்றங்களுக்கு ஏற்படும் சுமையை மதிப்பிட வேண்டும் என்னும் கருத்து, சேலம் வழக்கறிஞர்கள் சங்கம் தொடுத்த வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றத்தால் முன்வைக்கப்பட்டது. அதன்படி அமைந்த நீதிபதி ஜகந்நாத ராவ் தலைமையிலான குழு 2008இல் அறிக்கை அளித்தது. ஒன்றியச் சட்டங்களால் விளையும் வழக்குச் செலவில் ஒன்றியம் பங்கேற்க வேண்டும் என்பது அக்குழுவின் நிலைப்பாடு. அது முறையான நடைமுறையாக வேரூன்றவில்லை. விரைவு நீதிமன்றங்களின் அனுபவமும் இதற்கு ஒத்ததே. 11ஆம் நிதிக்குழுவின் பரிந்துரையால் 1,734 விரைவு நீதிமன்றங்களுக்கு ஒன்றியம் ரூ.502.90 கோடி ஒதுக்கியது. 2011 மார்ச் 31உடன் அந்நிதி நின்றது. நீதிமன்றங்களைத் தொடர்வதா கைவிடுவதா என்னும் முடிவு மாநிலங்களின் தலையில் விழுந்தது.

இந்தப் பின்னணியில்தான் 247ஆம் உறுப்பு நினைவுகூரப்பட்டது. காசோலை வழக்குகளுக்காக அவ்வுறுப்பின்கீழ்க் கூடுதல் நீதிமன்றங்களை நிறுவுவது குறித்து ஒன்றிய அரசின் கருத்தை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கேட்டது, நீதிபதி ஆர்.சி.சவான் தலைமையில் குழுவும் அமைந்தது. 2022 மே மாதத்தில் மகாராஷ்டிரம், தில்லி, குஜராத், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகியவற்றில் ஓய்வுபெற்ற நீதித்துறை அலுவலர்களைக் கொண்டு சோதனைமுறைச் சிறப்பு நீதிமன்றங்கள் அமைக்க ஆணையிடப்பட்டது. தமிழ்நாடு அப்பட்டியலில் இல்லை. அவையும் உண்மையான கூட்டாட்சி நீதிமன்றங்கள் அல்ல. அந்தந்த உயர் நீதிமன்றத்தின்கீழ் அமைந்த மற்றொரு படிக்கட்டே. திறந்திருக்கும் கதவு வழியாக இந்தியா உள்ளே செல்லத் தயங்குகிறது. அத்தயக்கம் பெரும்பாலும் பணத்தைப் பற்றியது என்றே தோன்றுகிறது.

கைத்தறி ஒதுக்கீடும் புவிசார் குறியீடும்

கைத்தறிக்கு மட்டுமே உரிய துணி வகைகளை ஒதுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 1985இல் இயற்றியது. தொடக்கத்தில் 22 வகைகள் ஒதுக்கப்பட்டன. பின்னர் அவை 11ஆகக் குறைந்தன. சேலை இன்றும் அப்பட்டியலில் உள்ளது. விசைத்தறி, ஆலை உரிமையாளர்கள் இச்சட்டத்தை எதிர்த்துப் பல நீதிமன்றங்களில் தடையாணை பெற்றனர். பர்வேஜ் அக்தார் வழக்கில் 1993 பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் அதன் செல்லுபடியை உறுதிசெய்யும்வரை, சட்டம் ஏட்டளவிலேயே இருந்தது. எட்டாண்டு என்பது ஒரு நெசவாளர் தலைமுறை தறியை விட்டு வேறு தொழிலுக்குச் செல்லப் போதுமான காலம். அமெரிக்காவிலாயினும் இந்தியாவிலாயினும் தடையாணை தடையாணைதான். எனினும், ஓர் உயர் நீதிமன்றம் நாடாளுமன்றச் சட்டத்தை அரசமைப்புக்கு முரணானது எனக் கூறினால் அதன் விளைவு நாடு முழுவதும் பரவும் என்பதைக் குசும் இங்காட்ஸ் வழக்கில் (2004) உச்ச நீதிமன்றம் சுட்டியிருப்பதை இங்கு எண்ணிப் பார்க்கலாம். எங்கோ ஓரிடத்தில் விழும் கல், எல்லா ஊர்க் குளங்களிலும் அலை எழுப்புகிறது.

ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பொருள். அதற்குரிய 1999ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவகம் சென்னையில் உள்ளது. பெயரைத் தவறாகப் பயன்படுத்துவோர்மீது உரிமையியல் வழக்குத் தொடுக்க, மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழ்ப்பட்ட எந்நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. ஆகவே இவ்வழக்கு ஆரணியின் முன்சீப், சார்பு நீதிமன்றங்களைத் தாண்டி நேரே திருவண்ணாமலையில் தொடங்குகிறது. பதிவாளரின் முடிவுக்கு எதிரான மேல்முறையீட்டைச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் விசாரித்து வந்தது. 2021இல் அவ்வாரியம் கலைக்கப்பட்டு, அவ்வதிகாரம் உயர் நீதிமன்றத்துக்கு மாறியது. தீர்ப்பாயங்கள் ஏணியின் பக்கவாட்டில் கட்டப்படும் தற்காலிகச் சாரம் போன்றவை. அவற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒன்றியத்தின் விருப்பம். அவிழ்த்தபின் பாரம் மீண்டும் ஏணிக்கே.

கூட்டுறவுச் சங்கம்: மாநிலத்தின் சொந்த நிலம்

கூட்டுறவுச் சங்கங்கள் மாநிலப் பட்டியலின் 32ஆம் பதிவைச் சேர்ந்தவை. சங்கத்தின் நிருவாகம் அல்லது வணிகம் தொடர்பாக உறுப்பினருக்கும் சங்கத்துக்கும் இடையே எழும் பூசலை, 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி பதிவாளரே தீர்க்க வேண்டும். நெசவாளர் சங்கங்களைப் பொறுத்தவரை அவ்வதிகாரத்தைக் கைத்தறித் துறை செலுத்துகிறது. அதன்மீது தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு; உரிமையியல் நீதிமன்றத்துக்கு இடமில்லை. ஆயினும் முதன்மை மாவட்ட நீதிபதியே அத்தீர்ப்பாயமாக அமர்வதைக் காணலாம். கூலி பாக்கிக்காக வரும் நெசவாளர், வேறொரு பெயர்ப் பலகையின்கீழ் அதே நீதிபதியின் முன் நிற்கிறார்.

சங்கத்துக்கு எதிராக நேரடியாக உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோர முடியுமா என்பது நெடுநாள் ஐயம். மாரப்பன் வழக்கில் (2006) ஐந்து நீதிபதிகள் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, பொதுவாக முடியாது எனவும், சட்டத்தால் விதிக்கப்பட்ட பொதுக்கடமையைச் சங்கம் மீறும்போது போன்ற வரம்புக்குட்பட்ட சூழல்களிலேயே முடியும் எனவும் தெளிவுபடுத்தியது. எனவே பெரும்பாலான உறுப்பினர்க்குப் பதிவாளரின் அலுவலகமே முதல் படி.

மாநிலத்துக்குரிய இந்நிலத்தில் நாடாளுமன்றம் கால் வைத்தபோது நிகழ்ந்ததே இக்கட்டுரைப் பொருளின் மையம் எனலாம். 2011ஆம் ஆண்டின் 97ஆம் அரசமைப்புத் திருத்தம், சங்க நிருவாகக் குழுக்களின் அளவு, பதவிக்காலம், தேர்தல் முதலியவற்றை நாடு முழுமைக்கும் வரையறுத்தது. மாநிலச் சட்டமன்றங்களுள் பாதியின் ஒப்புதல் அதற்குப் பெறப்படவில்லை. குஜராத் உயர் நீதிமன்றம் 2013இல் அதனைச் செல்லாதென்றது. 2021 ஜூலை 20 அன்று ராஜேந்திர ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், மாநிலங்களுக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தம் செல்லாது என உறுதிசெய்தது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அது நிலைக்கும் எனப் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினர். ஆரணியின் பட்டு நெசவாளர் சங்கம் எந்த அரசின் கைக்குள் இருக்கும் என்னும் வினாவை அகமதாபாத்தில் எழுந்த ஒரு வழக்கு தீர்த்துவைத்தது. மாநில உரிமையைக் காத்தது மாநில நீதிமன்றம் ஒன்றன்று. இரு அரசுகளுக்கும் பொதுவான நீதிமன்றமே என்பது கருதத்தக்கது. ஒருங்கிணைந்த நீதித்துறை கூட்டாட்சியைத் தேய்க்கும் எனப் பொதுவில் கூறுவோர் இவ்வழக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏறும்போது மாறும் மொழி

ஏணி ஒன்றே எனினும் அதில் ஏறும் வழக்கின் மொழி ஒன்றன்று. 1956ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 4ஆ பிரிவு, கீழமை நீதிமன்றங்களில் சான்றுப் பதிவுக்கும் தீர்ப்புக்கும் தமிழைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆரணி நீதிமன்றத்தில் 'பாவு', 'ஊடை', 'கோர்வை', 'அச்சு' என்னும் சொற்கள் சாட்சியின் வாயிலிருந்து வந்தவாறே பதிவேட்டில் ஏறலாம். உயர் நீதிமன்றத்தை அடைந்ததும், 348ஆம் உறுப்பின்படி நடவடிக்கை ஆங்கிலத்தில் அமைகிறது. உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்து இணைக்கப்படும் கோர்வைச் சேலைக்கும், அவ்வாறு நெய்யாத சேலைக்கும் கூலி வேறு. கூலிப் பூசலின் உயிர்நிலையே அவ்வேறுபாட்டில் இருக்கக்கூடும். மொழிபெயர்ப்பில் இரண்டும் 'பட்டுச் சேலை' என்றே ஆகிவிடும் வாய்ப்பு மிகுதி.

ஆளுநர், குடியரசுத் தலைவரின் முன் இசைவுடன் மாநில மொழியை உயர் நீதிமன்றத்தில் அனுமதிக்கலாம் என அதே உறுப்பு கூறுகிறது. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கிலும் 1950 முதல் 1972 வரையான காலத்தில் இந்திக்கு இவ்வாறு இசைவு கிடைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றித் தமிழுக்கு அதனைக் கோரியது. அரசமைப்பில் கூறப்படாத ஒரு படி, அதாவது உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்பது, இடையில் மரபாகிவிட்டிருந்தது. உச்ச நீதிமன்றம் உடன்படவில்லை. 2012இல் மீண்டும் பரிசீலித்தபோதும் அதே நிலையை மேற்கொண்டது. மாநிலம் கேட்கிறது, ஒன்றியம் முடிவெடுக்கிறது, நீதித்துறை அறிவுரை கூறுகிறது. கூட்டாட்சியின் மூன்று முனைகளும் ஒரே கோரிக்கையில் சந்திக்கும் இடம் இதுவாகும்.

அண்மைக் காலத்தில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் மொழிபெயர்த்து இணையத்தில் வெளியிடப்படுகின்றன. ஆரணியில் தொடங்கிப் புதுதில்லியில் முடியும் ஒரு வழக்கின் தீர்ப்பு இவ்வாறு தமிழில் திரும்பி வரலாம். எனினும் அம்மொழிபெயர்ப்பு வழக்காளி புரிந்துகொள்வதற்கு மட்டுமே உரியது. தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரி அளிக்கும் மனுவுடன் ஆங்கில மூலத்தின் சான்றிட்ட நகலையே இணைக்க வேண்டும்.